சாய்வுப்பாதை இருக்கிறது, ஏற முடியாது: ஒரு பிரதேச செயலகத்தில் ஐந்து மாதம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். 5க்கு 2. அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கு மட்டும் என்றால் 4 கொடுப்பேன், அந்தக் கட்டடத்துக்கும் அதை நடத்துகிற முறைக்கும் 1க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கிற 15 பிரதேச செயலகங்களில் இது ஒன்று. எது என்று எழுதவில்லை, எழுதினால் அங்கே இருக்கிற நாலு நல்ல பிள்ளைகளின் தலையில்தான் அது விழும்.

சாப்பாட்டுக் கடைக்கும் போன் திருத்துகிற கடைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், அரச அலுவலகங்களுக்கு ஒருவரும் எழுதுவதில்லை. கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், பிரதேச செயலகத்துக்கு அடுத்த கடை கிடையாது, நீங்கள் இருக்கிற இடத்துக்கு எது சொந்தமோ அங்கேதான் போயாக வேண்டும். எல்லாரையும் சமமாக நடத்துகிற கடமை அங்கே இன்னும் கூடுதலாக இருப்பது அதனால்தான்.

அலுவல் இதுதான். பெரியம்மாவுக்கு 71 வயது. சலரோகத்தால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு வருடம். செயற்கைக் கால் இருக்கிறது, ஆனால் அதிக நேரம் போட்டால் புண் வருகிறது, வெளியே போவதென்றால் சக்கர நாற்காலிதான். பெரியப்பா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். பழைய விலாசத்தில் வந்துகொண்டிருந்த கொடுப்பனவை எங்கள் பிரிவுக்கு மாற்ற வேண்டும். கிராம சேவகர் அரை மணித்தியாலத்தில் கடிதம் தந்துவிட்டார். மிச்சம் எல்லாம் செயலகத்தில்.

வாசலில் இரண்டு படி, பக்கத்தில் சீமெந்தில் ஒரு சாய்வுப்பாதை, அதன் தலைப்பில் நீலப் பலகையில் சக்கர நாற்காலிப் படம். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓட்டோக்காரத் தம்பியும் நானுமாகத் தள்ளினோம். பாதி ஏறியதும் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின, நாற்காலி பின்னால் சாயப் பார்த்தது. உள்ளே இருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் ஓடி வந்து நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கினார்கள். நல்ல மனதோடுதான் தூக்கினார்கள். ஆனால் தூக்கும்போது சேலை விலகி வெட்டிய கால் வெளியே தெரிந்தது, வரிசையில் நின்ற அவ்வளவு பேரும் பார்த்தார்கள். பெரியம்மா ஒரு கையால் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "என்னை இறக்கி விடுங்கோ பிள்ளையள், நான் வெளியிலேயே இருக்கிறன்" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனுசி, பிள்ளைகள் எழும்பி நின்று வணக்கம் சொன்ன ஆள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் முறை போகும்போது அளவு நாடா கொண்டுபோனேன். இரண்டு படியும் சேர்த்து 13 அங்குல உயரம். சக்கர நாற்காலிக்கான பாதை என்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் இதற்கு 13 அடி வேண்டும். இருந்தது 6 அடி 4 அங்குலம், அதாவது செங்குத்து இரண்டு மடங்கு. ஏன் இப்படி என்று நின்று பார்த்தபோது விளங்கியது. ஆறரை அடிக்கு அப்பால் உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள் கொட்டகை தொடங்குகிறது. இடம் இவ்வளவுதான் என்று பாதையைச் சுருக்கியிருக்கிறார்கள், கொட்டகையைத் தள்ளிப் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைக் கட்டும்போது சக்கர நாற்காலியில் வருகிற ஒரே ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றிப் பார்த்திருந்தால் போதும், பத்து நிமிட வேலை.

இது தயவு விஷயம் இல்லை, சட்டம். வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, பொதுக் கட்டடங்களில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று சொல்லி, ஏற்கனவே இருந்த கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசமும் கொடுத்தன, பிறகு அந்த அவகாசத்தை நீட்டினார்கள். சக்கர நாற்காலியில் நடமாடிய கலாநிதி அஜித் பெரேரா போட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது, புதிய பொதுக் கட்டடங்கள் இந்த வசதி இல்லாமல் எழும்பக் கூடாது என்று. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. இவ்வளவுக்கும் பிறகு 6 அடி 4 அங்குலம்.

உள்ளே போனால் கருமபீடம் என் நெஞ்சு உயரம். நாற்காலியில் இருக்கிற பெரியம்மாவுக்கு மேலே இருக்கிற கண்ணாடியும் அதற்குள்ளே ஒரு தலைமயிர் உச்சியும்தான் தெரியும். உத்தியோகத்தர் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார், "அவவுக்கு எத்தினை வயசு?" பதில் கீழே இருந்து வருகிறது. மலசலகூடத்தில் ஒரு கதவில் அதே நீலப் படம், ஆனால் பூட்டு. திறப்பு யாரிடம் என்று தேடி, கடைசியில் காவலாளி அண்ணை திறந்தபோது உள்ளே பழைய விண்ணப்பக் கட்டுகள் இடுப்பளவுக்கு அடுக்கி இருந்தன. பெரியம்மா வெளியே போகிற நாட்களில் காலையில் தேத்தண்ணி குடிக்க மாட்டார். அது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும், அதுவும் நிறைய இருக்கிறது. முதல் நாள் எங்கள் அலுவலைப் பார்த்த சமூக சேவை உத்தியோகத்தர் ஒரு இளம் பிள்ளை. பெரியம்மாவைக் கண்டதும் கருமபீடத்தைச் சுற்றி வெளியே வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக இருந்து, "அம்மா, நீங்களே சொல்லுங்கோ" என்றார். படிவத்தை மடியில் வைத்து அவரே நிரப்பினார், ஒவ்வொரு பந்தியையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டார். என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை, எனக்கு அதுதான் பிடித்தது. பிறகு தன்னுடைய போன் இலக்கத்தைத் தந்து, அடுத்த முறை வரும்போது முதலே சொல்லுங்கோ, வாசலுக்கே வருகிறேன் என்றார்.

அடுத்த முறை வந்தபோது அவருக்கு இடமாற்றம். புதிதாக வந்தவரும் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு இதொன்றும் தெரியாது. வெளியே வந்து இருந்து பேசலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் எழுதி இல்லை. "ஆளை வீட்டிலை விட்டிட்டு நீங்கள் மட்டும் கடிதத்தோடை வந்திருக்கலாமே" என்றார். உதவியாகத்தான் சொன்னார். பெரியம்மா தன்னுடைய அலுவலைத் தானே பார்க்க விரும்புகிறார் என்பது அவருடைய யோசனைக்குள் வரவில்லை. எனக்கு இந்த ஐந்து மாதத்தில் உறைத்தது இதுதான், நல்ல மனம் ஆளோடு வந்து ஆளோடு போய்விடுகிறது, ஓர் இடமாற்றக் கடிதம் போதும். அலுவலகத்தின் கடமை அந்தப் பிள்ளையின் கைப்பைக்குள் இருந்திருக்கிறது, அவர் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வரிசையில் இருக்கும்போது வேறு ஆட்களையும் பார்க்கிறோம் அல்லவா. எங்களுக்கு முன்னால் ஒரு அக்கா, ஐம்பது வயது இருக்கும். படிவத்தில் கணவர் பெயர், கணவர் தொழில் என்று இடம். கணவர் 2009இல் காணாமற்போனவர். "மரணச் சான்றிதழ் இருக்கோ?" என்று கேட்டார்கள். அந்த அக்கா மெல்லிய குரலில், "அவர் செத்தவர் எண்டு நான் சொல்லேல்லையே" என்றார். பின்னால் நின்ற எல்லாருக்கும் கேட்டது. மரணச் சான்றிதழ்தான் வேண்டும் என்று இல்லை, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று சொல்லுகிற சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம், அதற்கு 2016இலேயே சட்டம் திருத்தியாயிற்று. கருமபீடத்தில் இருந்தவருக்கு அது உடனே நினைவு வரவில்லை, உள்ளே போய்க் கேட்டு வந்துதான் சொன்னார். சொன்னாரே, அதுவரைக்கும் நல்லது. ஆனால் இப்படியான குடும்பங்கள் எத்தனை இந்த மண்ணில், அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது என்று பத்து வருடத்துக்கு முன்னமே பழக்கியிருக்க வேண்டாமா?

இன்னொரு நாள் ஒரு சிங்களப் பெண், கைக்குழந்தையோடு. கணவர் இங்கே ஏதோ கட்டுமான வேலை. படிவம் தமிழில் மட்டும் இருந்தது, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, கண் கலங்கி நின்றார். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது, போன வருடம் கொழும்பில் இருக்கிற ஒரு திணைக்களம் பெரியம்மாவுக்குச் சிங்களத்தில் மட்டும் அனுப்பிய கடிதம். அதை வாசிக்க ஆள் தேடி நாங்கள் மூன்று நாள் திரிந்தோம். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், ஆனால் இங்கே ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அலுவல் பார்க்க விரும்பினால் அதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரித்தான் சொல்லுகிறது. எங்களுக்கு வந்த அந்தக் கடிதத்துக்கு நாங்கள் கோபப்பட்டது நியாயம் என்றால், இந்தப் பிள்ளைக்கும் அதே நியாயம்தான். வரிசையில் நின்ற ஒரு ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஐயா சிங்களம் தெரிந்தவர், அவர்தான் இருந்து எழுதிக் கொடுத்தார். மறுபடியும் பாருங்கள், தற்செயலாக வந்த நல்ல மனம்.

மூன்றாம் முறைக்குப் பிறகு நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களிடம் கேட்க முடியாது, எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதி எடுக்க வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். நான் நாலு கேள்வி கேட்டேன். சாய்வுப்பாதையை யார் எப்போது அளந்து ஏற்றுக்கொண்டார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தக் கட்டடம் சரிவருமா என்று எப்போதாவது ஆய்வு செய்தீர்களா, உத்தியோகத்தர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி கொடுத்த விபரம், அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இல் வந்த 27/88 சுற்றறிக்கைப்படி இங்கே எத்தனை பேர்.

இந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். பதில் 11ஆம் வேலை நாளே வந்தது, தமிழில், நல்ல தெளிவாக, செயலகத்தின் முத்திரையோடு. தகவல் அலுவலர் போன் எடுத்து ஒரு கேள்வியை விளக்கமும் கேட்டார். ஆட்சேர்ப்பு தங்கள் கையில் இல்லை என்று நாலாவதற்குப் பதில், அது சரிதான். மற்ற மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே வசனம்: "அவ்வாறான பதிவேடு இவ்வலுவலகத்தில் பேணப்படவில்லை." மூன்று முறை வாசித்தேன். பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை. அப்படி ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

ஏன் கேட்டதில்லை என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் தெரிகிறது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அந்த வரிசையில் மாற்றுத்திறன் இல்லை, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட ஏற்பாடு செய்யத் தடையில்லை என்று வேறாகச் சொல்லுகிறது. பாரபட்சம் காட்டாதே என்பது ஒரு கடமை. சமத்துவத்தை முன்னுக்குக் கொண்டுவா என்பது வேறு கடமை. அந்த இரண்டாவதும் எங்களிடம் இருக்கிறது, 27ஆம் உறுப்புரையில், குடிமக்களுக்குச் சமவாய்ப்பை அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்று. ஆனால் 29ஆம் உறுப்புரை வந்து, அந்த 27ஆம் உறுப்புரை இருக்கிற அத்தியாயத்தை வைத்து எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்று சொல்லிவிடுகிறது. அப்போது யார் கணக்குக் கேட்பது?

லண்டனில் இருக்கிற தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அங்கே வேறு மாதிரி என்றாள். அவள் அங்கே ஒரு நகரசபையில் வேலை. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, 2011 ஏப்ரலில் இருந்து நடைமுறை. பொது நிறுவனம் எதைச் செய்தாலும் மூன்று விஷயத்தை யோசித்துப் பார்த்துச் செய்ய வேண்டும்: பாரபட்சத்தை ஒழிப்பது, சமவாய்ப்பை வளர்ப்பது, வெவ்வேறு மக்களுக்கு இடையில் நல்லுறவை வளர்ப்பது. அதுவும் சும்மா வந்ததில்லை. 1993இல் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பினப் பொடியன் கொல்லப்பட்டு, பொலிஸ் விசாரித்த விதத்தை 1999இல் மக்பேர்சன் அறிக்கை கிழித்து எழுதி, அதற்குப் பிறகு 2000இல் முதலில் இனத்துக்கு மட்டும் இந்தக் கடமை வந்தது, பிறகு மாற்றுத்திறனுக்கும், அப்புறம் ஆண் பெண் சமத்துவத்துக்கும். 2008இல் அஞ்சலகங்களை மூடுவது பற்றிய வழக்கு ஒன்றில் அங்கே நீதிமன்றம் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முடிவெடுக்க முன்னம் யோசித்திருக்க வேண்டும், எடுத்த பிறகு நியாயம் கட்டக் கூடாது, பெட்டிக்குள் சரி அடையாளம் போடுகிற வேலையாகவும் இருக்கக் கூடாது. அதோடு, இங்கிலாந்தில் இந்தக் கடமையை எப்படி நிறைவேற்றினோம் என்ற விபரத்தை வருடா வருடம் வெளியிட வேண்டும், நாலு வருடத்துக்கு ஒருமுறையாவது இலக்கு வைக்க வேண்டும். அங்கேயும் எல்லாம் நேராக நடக்கிறது என்று தங்கச்சி சொல்லவில்லை. கடமை யோசிக்கச் சொல்லுகிறதே தவிர, இன்ன முடிவுதான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை, காசு இல்லை என்று சேவையை நிறுத்துகிறார்கள், மக்கள் வழக்குப் போடுகிறார்கள். ஆனால் பதிவேடு பேணப்படவில்லை என்று எழுதிவிட்டு இருக்க முடியாது.

அந்த மோட்டார் சைக்கிள் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கட்ட முன்னம் ஒரு கடதாசியில், இந்தப் பாதையில் யார் ஏறப்போகிறார்கள், யாரைக் கேட்டோம் என்று இரண்டு வரி எழுத வேண்டிய கடமை இருந்திருந்தால் பெரியம்மா தூக்கப்பட்டிருக்க மாட்டார்.

உங்களுக்கும் இப்படி நடந்தால், முதலில் திகதியைக் குறித்து வையுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அதுவும் கொழும்புக்கு. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது, அவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஒரு படம் எடுத்து வையுங்கள், அளந்து வையுங்கள். என் அனுபவத்தில் "சரிவாக இருக்கிறது" என்று சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள், "6 அடி 4 அங்குலம்" என்று எழுதிக் கொடுத்தபோதுதான் ஒருவர் எழும்பி வெளியே வந்து பார்த்தார்.

போன கிழமை நாலாவது முறையாகப் போனோம். கொடுப்பனவு மாறிவிட்டது, இந்த மாதத்தில் இருந்து எங்கள் தபாற்கந்தோரில் எடுக்கலாம். மலசலகூடத்துக்குள் இருந்த கடதாசிக் கட்டுகளை எடுத்துவிட்டார்கள், திறப்பு காவலாளி அண்ணையின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, அட்டையில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள், பெரியம்மாதான் முதலில் கண்டார். அதற்காகத்தான் 1½ ஆக இருந்த மதிப்பெண்ணை 2 ஆக்கினேன். கருமபீடம் அப்படியே. கொட்டகையும் அப்படியே, வாசலில் மறுபடியும் தூக்கத்தான் வேண்டி வந்தது, இந்த முறை பெரியம்மா வீட்டிலேயே சேலைக்கு மேலால் ஒரு துவாயைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு வந்திருந்தார். சாய்வுப்பாதையைத் திருத்த மதிப்பீடு தயாரித்தீர்களா, எந்த வருடப் பணத்தில் என்று இரண்டாவது தகவல் விண்ணப்பத்தை அன்றைக்கே கொடுத்தேன். பெரியம்மாவின் பெயரில், அவருடைய கையெழுத்தில். பதில் வந்ததும் எழுதுகிறேன்.